பவளத்தின் மேல் படரும் கறுப்புப் பஞ்சுக்குப் பெயர் வந்த கதை

ஒரு மீனைப் படம் பிடித்து அனுப்பினால் விலங்கியலாளர் பெரும்பாலும் அதன் பெயரைச் சொல்லிவிடுவார். பறவை என்றால் அலகையும் இறகின் நிறத்தையும் வாயால் விவரித்தாலே போதும். கடற்பஞ்சு விஷயத்தில் இந்த வித்தை பலிக்காது. எவ்வளவு தெளிவான படமாக இருந்தாலும், "ஒரு சின்னத் துண்டு வெட்டி அனுப்ப முடியுமா?" என்றுதான் பதில் வரும். பஞ்சு ஆய்வாளர்களைக் குறை சொல்ல முடியாது. பஞ்சுக்குக் கண் இல்லை, வாய் இல்லை, முன் பின் இல்லை. ஒரே இனம் அலை அடிக்கும் இடத்தில் தட்டையாகப் படியும், அமைதியான நீரில் விரல் விரலாக எழும்பும். நிறம் வெயிலைப் பொறுத்து மாறும். சாராயத்தில் போட்டு வைத்தால் அந்த நிறமும் ஒரு வாரத்தில் வெளுத்துவிடும். இப்படிப்பட்ட ஒரு பிராணியை "இதுதான் இது" என்று சொல்லும் வழக்கம் கிரேக்கக் கரையில் தொடங்கி, லண்டன், பம்பாய், சென்னை, குவாம், ஒகினாவா என்று அலைந்து நம் பாக் விரிகுடாவரை வந்திருக்கிறது. அதை வழியெங்கும் சுமந்து வந்தவர்களில் தொழில்முறை விஞ்ஞானிகளைவிட வைத்தியர்களும் வியாபாரிகளும் கப்பல்காரர்களும்தான் அதிகம்.

முதலில் அரிஸ்டாட்டில். பொது ஆண்டுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் அவர் கடற்பஞ்சுகளை மூன்றாகப் பிரித்தார்: தளர்வானது, நெருக்கமானது, மெல்லியதும் வலுவானதுமான மூன்றாவது. மூன்றாவதற்கு அக்கிலீஸ் என்று பெயர். போர்வீரர்கள் தலைக்கவசத்துக்குள்ளும் கால்கவசத்துக்குள்ளும் அதைத்தான் வைத்துக்கொண்டார்கள், அடி விழும்போது சத்தம் குறைவாகக் கேட்பதற்காக. எவ்வளவு கசக்கினாலும் சுத்தமாகாத ஒரு வகையையும் அவர் தனியே குறித்தார். பஞ்சுக்கு உணர்ச்சி உண்டு, பறிக்க வருபவரை அறிந்து அது சுருங்கிக்கொள்ளும் என்பது அன்றைய நம்பிக்கை. டொரோனே ஊர்க்காரர்கள் மட்டும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்று அரிஸ்டாட்டிலே எழுதிவைத்தார். அந்த ஊர்க்காரர்களை எனக்குப் பிடித்திருக்கிறது. வகைப்பாட்டின் வரலாற்றில் பதிவான முதல் ஆட்சேபங்களில் அது ஒன்றாக இருக்கவேண்டும்.

அடுத்த இரண்டாயிரம் ஆண்டுகள் பஞ்சை இனம் பிரித்தவை வியாபாரிகளின் விரல்கள். கலிம்னோஸ், சிமி போன்ற ஏஜியன் தீவுகளில் தட்டையான கல்லைப் பிடித்துக்கொண்டு குதித்து, பஞ்சறுத்து வந்தார்கள் முக்குளிப்பவர்கள். கரையில் அதை அழுத்திப் பார்த்து, பிழிந்து பார்த்து, தரம் பிரித்து விலை சொன்னார்கள் தரகர்கள். மென்மையான பட்டு ரகம், தேன்கூட்டு ரகம், யானைக்காது ரகம் என்று அவர்களிடம் தனிப் பட்டியலே இருந்தது. 1841ல் குஸ்தாவ் ரெனுவார் என்ற பிரெஞ்சுக்காரர் கப்பல் உடைந்து பஹாமாஸ் தீவுகளில் ஒதுங்கினார். அங்கே கடலடியில் கிடந்த பஞ்சைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். மாதிரிகள் பாரிஸுக்குப் போயின, மத்தியதரைக் கடலின் ஏகபோகம் ஆட்டம் கண்டது. புதிய கடலில் கிடைத்த சரக்குக்கும் பழைய ரகப் பட்டியலை ஒட்டியே பெயர் வைத்து விற்றார்கள். விலைக்கு அது போதும். உயிரை அறிவதற்குப் போதாது.

அறிஞர்களோ இது செடியா விலங்கா என்பதிலேயே தடுமாறிக்கொண்டிருந்தார்கள். லின்னேயஸ் 1759ல் குளியல் பஞ்சைத் தாவரங்களோடு, பாசிகளின் பக்கத்தில் வைத்தார். 1767ல் வந்த அவர் நூலின் பன்னிரண்டாம் பதிப்பில் அதே பஞ்சு விலங்குப் பக்கத்துக்கு இடம் மாறியிருந்தது. இடையில் என்ன நடந்தது? ஜான் எல்லிஸ் என்ற லண்டன் துணி வியாபாரி குறுக்கே வந்தார். லினன் துணி விற்பது பிழைப்பு, கடற்கரைக் குப்பைகளைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது பைத்தியம். 1765ல் ராயல் சொசைட்டிக்குப் போன கடிதத்தில், உயிருள்ள பஞ்சு நீரை உள்ளே இழுத்து வெளியே விடுகிறது என்று எழுதினார். பாசி இப்படிச் செய்யாதே!

எல்லிஸ் பார்த்ததை முழுமையாக்கியவர் எடின்பரோ மருத்துவர் ராபர்ட் கிராண்ட். 1825 வாக்கில், கைக்கடிகாரக் கண்ணாடி மூடியில் கடல்நீரை ஊற்றி, ஒரு துணுக்குப் பஞ்சைப் போட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். பஞ்சின் பெரிய துளை ஒன்றிலிருந்து நீர் ஊற்றெடுத்து இடைவிடாமல் வெளியேறியது. சின்னத் துளைகள் வழியே உள்ளே, பெரிய துளை வழியே வெளியே. நீரோட்டம் ஒருவழிப் பாதை. துளையுடலிகள் என்று நாம் பள்ளியில் படித்த தொகுதிக்கு 1836ல் பெயர் வைத்தவரும் அவரே. அவரோடு கடற்கரையில் சிப்பி பொறுக்கித் திரிந்த பதினெட்டு வயது மருத்துவ மாணவன் ஒருவன் உண்டு. படிப்பை அரைகுறையாக விட்டுப் போன அந்தப் பையனின் பெயர் சார்லஸ் டார்வின்.

நம் கதைக்கு முக்கியம் கிராண்ட் 1826ல் விவரித்த இன்னொரு பிராணி: கிளியோனா. ஆளிச் சிப்பியின் ஓட்டைத் துளைத்து உள்ளே குடியிருக்கும் பஞ்சு. மெத்தென்ற உடம்பு எப்படிச் சுண்ணாம்பைத் துளைக்கும்? நூற்றைம்பது ஆண்டுகள் வழக்கு நடந்தது. ஊசிகளால் குடைகிறது என்று ஒரு கட்சி, அமிலத்தால் கரைக்கிறது என்று இன்னொரு கட்சி. 1970களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் விடை கிடைத்தது. செல் தன் விளிம்பால் சுண்ணாம்பைச் சுற்றிலும் கரைத்துப் பள்ளம் வெட்டி, நடுவில் நிற்கும் துணுக்கைப் பெயர்த்து நீரோடு வெளியே தள்ளுகிறது. பவளத்திட்டுகளில் சேரும் நுண்மணலில் ஒரு பங்கு இந்தத் துணுக்குகள்தாம். இதைக் கண்டவர்களில் ஒருவர் ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பணியாற்றிய கிளவுஸ் ரூட்ஸ்லர். அவரைப் பிறகு சந்திப்போம்.

விலங்கு என்பது முடிவானது. எந்த விலங்கு என்பதை எதை வைத்துச் சொல்வது? விடை ஊசியில் இருந்தது. பெரும்பாலான பஞ்சுகளின் சதைக்குள் கண்ணாடிப் பொருளான சிலிக்காவாலோ சுண்ணாம்பாலோ ஆன நுண்ணிய முட்கள் இருக்கின்றன. உடல் அழுகினாலும் நிறம் போனாலும் முட்கள் மாறுவதில்லை. ஜேம்ஸ் ஸ்காட் பவர்பேங்க் என்ற லண்டன் சாராயக் காய்ச்சி இந்த முட்களை வரைந்து, அளந்து, பெயரிட்டு, பிரிட்டிஷ் பஞ்சுகளின் பெருநூலை 1864 முதல் வெளியிட்டார். மாதிரிகளை ஊறவைக்க அவருக்குச் சரக்குத் தட்டுப்பாடு இருந்திருக்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மனிதன் இரண்டாயிரம் ஆண்டுகள் தேய்த்துக் குளித்த பஞ்சில் முள்ளே கிடையாது, வெறும் நார்தான். முள் குத்தாத காரணத்தால்தான் அது குளியலறைக்கு வந்தது. ஆக, எல்லாரும் நன்றாக அறிந்திருந்த ஒரே கடற்பஞ்சு, அடையாளச் சீட்டு இல்லாத கடற்பஞ்சு.

அதே 1864ல் கரீபியன் கடலில் இன்னொரு வைத்தியர் வேலையில் இருந்தார். குவாதலூப்பில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் துஷசைங், தூரின் நகரத்து மிக்கெலோட்டியோடு சேர்ந்து கரீபியன் பஞ்சுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் டெர்பியோஸ் என்று ஒரு பேரினம். கல்லின்மேலும் பிற உயிர்களின்மேலும் மெல்லிய தோலாகப் படியும் பஞ்சுகள். விவரிப்பு சுருக்கம், படங்கள் சுமார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பெயரைக் கண்டபடி பயன்படுத்தி, அதைச் சரிசெய்ய 1990கள்வரை காத்திருக்க நேர்ந்தது. பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது.

இந்த ஊசி வித்தை நம் கடலுக்கு வந்த வழி சுவையானது. ஹென்றி ஜான் கார்ட்டர் பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர். ஊர்க் குளங்களில் வளரும் நன்னீர்ப் பஞ்சுகளைப் பார்க்கத் தொடங்கி, அதிலேயே மூழ்கிப்போனார். ஓய்வுபெற்று இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது அவர் வீட்டுக்கு மன்னார் வளைகுடா வந்தது. வாரன் என்ற கப்பல் தலைவர் அங்கே கடலடியிலிருந்து வாரி எடுத்தவற்றை லிவர்ப்பூல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தார். அதை ஆராய்ந்து 1880ல் கார்ட்டர் அறிக்கை எழுதினார். நம் கரைக்கு எதிரே வாழும் பல பஞ்சுகளின் முதல் ஞானஸ்நானம் டெவன்ஷயர் வீட்டு மேசை ஒன்றில் நடந்தது.

அடுத்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885ல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்தவர். தமிழ் வாசகர்களுக்கு அவர் வேறொரு காரியத்தால் அறிமுகம்: அளவுகோலோடு ஊர் ஊராகப் போய் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து, தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் ஏழு தொகுதிகளாக அடுக்கியவர். அந்த வேலையில் முழுமூச்சாக இறங்குவதற்குமுன் அவர் சேகரித்துக்கொண்டிருந்தவற்றில் கடற்பஞ்சும் அடக்கம். சென்னைக் கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் திரட்டியவற்றைப் புட்டிகளில் அடைத்து ஆர்தர் டெண்டிக்கு அனுப்பினார். 1887ல் டெண்டியின் சென்னைப் பஞ்சுகள் அறிக்கை வந்தது. 1889ல் மன்னார்ப் பஞ்சுகள் பற்றிய இரண்டாவது. பஞ்சின் முள்ளை அளந்து இனம் பிரிப்பது நிலைத்து நின்றது. மனிதரின் மூக்கை அளந்து இனம் பிரித்தது நிற்கவில்லை. அளவுகோல் இரண்டிலும் துல்லியம்தான். அளக்கப்பட்ட பொருள்தான் ஒன்றில் ஒத்துழைக்கவில்லை.

மூன்றாவதாக முத்து வந்தது. 1891க்குப் பிறகு இலங்கைப் பக்கத்து மன்னார் முத்துப் பார்களில் பத்தாண்டுக்கும் மேலாக முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. சிப்பிகள் வருகின்றன, முற்றுமுன் மாயமாகின்றன. வருமானம் போன கவலையில் இலங்கை அரசு 1902ல் லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை வரவழைத்தது. உதவிக்கு வந்த ஜேம்ஸ் ஹார்னெல் இங்கேயே தங்கி, பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்தினார். சிப்பியின் எதிரிகளைத் தேடி அவர்கள் பார்களைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். எதிரிப் பட்டியலில் நம் பழைய கிளியோனாவும் இருந்தது. வாரியதில் கிடைத்த பஞ்சுகள் மறுபடி டெண்டியிடமே போயின. 1905ல் அச்சான அவரது அறிக்கை இன்றும் மன்னார்ப் பஞ்சைக் கையில் எடுக்கும் எவரும் புரட்டியே ஆகவேண்டியது. முத்து திரும்பி வந்ததைவிட பஞ்சு நூல் உறுதியாக வந்து சேர்ந்தது.

பிறகு மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பஞ்சுகளுக்கு 1937ல் மாரிஸ் பர்ட்டன் எழுதிய துணைப் பட்டியல். அதற்குப் பிறகு, மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நிலைகொண்டதும், புட்டிகள் கப்பலேறிப் போகவேண்டிய தேவை குறைந்தது. பி. ஏ. தாமஸ் என்ற ஆய்வாளர் மண்டபத்திலேயே உட்கார்ந்து மன்னார், பாக் விரிகுடாப் பவளப்பாறைகளைத் துளைக்கும் பஞ்சுகளை வகைப்படுத்தினார். பவளங்கள் பற்றிய உலக மாநாடு 1969ல் மண்டபம் முகாமில் நடந்தது. அதன் தொகுப்பு 1972ல் வெளியானபோது அவர் கட்டுரையும் அதில் இடம்பெற்றது. அந்தப் பட்டியல்களின் கவலை முழுவதும் துளைக்கும் பஞ்சுகளைப் பற்றியது. மேலே படர்ந்து மூடும் பஞ்சு ஒன்று பவளத்தைக் கொல்லும் என்று அன்று யாரும் தேடவில்லை.

தொகுப்பு வந்த மறு ஆண்டு, பசிபிக் கடலின் நடுவே குவாம் தீவிலிருந்து ஒரு சிறு கட்டுரை வந்தது. பி. ஜி. பிரையன் எழுதியது. குவாமின் பவளங்களை அப்போதுதான் முட்கிரீட நட்சத்திரமீன்கள் மேய்ந்து முடித்திருந்தன, எல்லார் கண்ணும் அவற்றின்மேல் இருந்தது. பிரையன் பார்த்தது வேறு. சாம்பல் கலந்த கறுப்பில், ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாத தோல் ஒன்று உயிருள்ள பவளத்தை மூடிக்கொண்டு போனது. மாதத்துக்குச் சராசரியாக 23 மில்லிமீட்டர் முன்னேறியது. அதன் கீழே பவளம் செத்திருந்தது. பேரினம் டெர்பியோஸ் என்பதுவரை அவரால் சொல்ல முடிந்தது. இனப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புள்ளி. கொலையாளியின் வேகத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தாகிவிட்டது, பெயர் மட்டும் இல்லை. அந்த நிலை இருபது ஆண்டுகள் நீடித்தது.

அதே 1973ல், உலகின் மறுபக்கத்தில் பெலிஸ் கடலில் அந்தோனியஸ் என்பவர் இன்னொரு கறுப்பைக் கண்டார். கருவளைய நோய் என்று இன்று நாம் சொல்வது. பார்வைக்கு இரண்டும் பங்காளிகள். பவளத்தின் மேல் கறுப்பு, விளிம்பில் சாவு. ஆனால் கருவளையம் ஒரு குறுகிய பட்டையாக நகர்ந்து, பின்னால் வெள்ளை எலும்பை விட்டுச் செல்லும். டெர்பியோஸ் எதையும் விட்டுச் செல்லாது. பிடித்த இடம் முழுவதையும் மூடிக்கொண்டு அங்கேயே இருக்கும். உற்றுப் பார்த்தால் நீர் வெளியேறும் துளைகளும் அவற்றைச் சுற்றி நாலாபக்கமும் கிளைக்கும் நுண்கால்வாய்களும் தெரியும். நோய்க்கு ஏது கால்வாய்?

1993ல்தான் பெயர் வந்தது. சூட்டியவர்கள் ரூட்ஸ்லரும், ஒகினாவாவில் தங்கிப் பவளங்களை ஆராய்ந்த கேத்தரின் மியூசிக்கும்: டெர்பியோஸ் ஹோஷினோட்டா. ரியூக்யூ தீவுகளிலும் குவாமிலும் படர்வது ஒரே இனம்தான் என்று அவர்கள் காட்டினார்கள். முறை பழையது, பவர்பேங்க் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார். நகத்தளவு துண்டை வெட்டி, துணிக்குப் போடும் ப்ளீச் திரவத்தில் போட்டால் சதை கரைந்துவிடும். அடியில் தங்கும் வெள்ளைப் பொடியைத் தண்ணீரிலும் பிறகு சாராயத்திலும் அலசி, கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்க்கவேண்டும். தெரிவது குண்டூசிகள். ஒரு முனை கூர், மறு முனையில் தலை. நீளம் சுமார் கால் மில்லிமீட்டர். தலை உருண்டையாக இருந்தால் வேறு வீட்டைத் தேடுங்கள். பிளவுபட்டுப் புடைத்திருந்தால் டெர்பியோஸ். அதோடு இன்னொரு சாட்சியும் வேண்டும். இந்தப் பஞ்சின் உடம்பில் ஏறத்தாழப் பாதி பஞ்சே அல்ல, ஒளிச்சேர்க்கை செய்யும் நீலப்பசும் நுண்ணுயிர்கள். ஒவ்வொன்றும் 5 முதல் 6 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை. கறுப்பு நிறம் அவற்றின் கொடை.

பெயர் வந்தபின் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. தைவானின் பச்சைத்தீவில் பவளங்கள் கறுத்துச் செத்தபோது முதலில் அதை 'கறுப்பு நோய்' என்றே சொன்னார்கள். துண்டு வெட்டி முள்ளைப் பார்த்தார்கள். 2007ல் வந்த கட்டுரை, இது நோயல்ல, ஹோஷினோட்டா என்றது. 2011ல் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவு. பிறகு இந்தோனேசியா, மாலத்தீவு. 2015ல் பாக் விரிகுடாவில் அது இருப்பதை 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 2018ல் அதே இதழில் மன்னார் வளைகுடா. வரைபடத்தில் ஆண்டு வாரியாகப் புள்ளி வைத்தால் ஒரு படை கிழக்கிலிருந்து மேற்கே அணிவகுத்து வருவதாகத் தோன்றும். பஞ்சு உண்மையிலேயே பரவியிருக்கலாம். கலங்கிய, அழுக்கேறிய கரைநீரில் அது செழிப்பதை 1993லேயே குறிப்பிட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் புள்ளிகளில் பாதியாவது, பஞ்சு வந்து சேர்ந்த ஆண்டைக் காட்டவில்லை, அதைத் தெரிந்த கண் வந்து சேர்ந்த ஆண்டைக் காட்டுகிறது என்பது என் கணிப்பு. கறுத்த பாறையைப் பார்த்துவிட்டு "பாசி பிடித்திருக்கிறது" என்று கடந்துபோனவர்கள் எத்தனை பேரோ.

பெயர் நிலைத்தது, விலாசம்தான் மாறிக்கொண்டிருக்கிறது. 2002ல் உலகப் பஞ்சு வல்லுநர்கள் கூடி 'சிஸ்டமா போரிஃபெரா' என்ற இரண்டு பெருந்தொகுதிகளில் எல்லாப் பேரினங்களையும் முள்ளின் அடிப்படையில் ஒழுங்குபடுத்தினார்கள். மை காய்வதற்குள் மரபணு ஆய்வுகள் வந்து, ஒரே மாதிரி முள் வைத்திருக்கும் பஞ்சுகளெல்லாம் சொந்தக்காரர்கள் அல்ல என்றன. வெவ்வேறு குலங்கள் ஒரே முள்ளைத் தனித்தனியே கண்டுபிடித்திருக்கின்றன, சில குலங்கள் இருந்த முள்ளைத் தொலைத்திருக்கின்றன. 2015ல் வந்த திருத்தத்தில் ஹாட்ரோமெரிடா என்ற பழைய வரிசை கலைக்கப்பட்டு, டெர்பியோஸ் சுபெரிட்டிடா வரிசைக்குக் குடிபெயர்ந்தது. உலகப் பட்டியலில் இன்று 9,000க்கும் மேற்பட்ட பஞ்சினங்கள் இருக்கின்றன. இனத்தை அடையாளம் காண இன்னமும் முள்தான் முதல் சாட்சி. உறவைச் சொல்லத்தான் மரபணு.

கடைசியாகப் பெயர் கேட்டு வரிசையில் நிற்பது அந்தப் பாதி உடம்பு. தைவான் ஆய்வாளர்கள் அண்மையில் ஹோஷினோட்டாவுக்குள் வாழும் நீலப்பசும் நுண்ணுயிரின் மரபணுத்தொகுதியைப் படித்து, பாராப்ரோகுளோரான் டெர்பியோசி என்று அழைத்தார்கள். முன்னால் 'கேண்டிடேட்டஸ்' என்ற அடைமொழியோடு, அதாவது வேட்பாளராக. நுண்ணுயிர் ஒன்றுக்கு முழுப் பெயர் கொடுக்க அதைத் தனியே வளர்த்துச் சேமிப்பகத்தில் வைத்துக் காட்டவேண்டும் என்பது விதி. பஞ்சைச் சாராயப் புட்டியில் போட்டு அருங்காட்சியக அலமாரியில் வைத்துவிடலாம். இந்தக் குடித்தனக்காரரைப் பஞ்சிலிருந்து பிரித்துத் தனியே வளர்க்கும் வழி இன்னும் கைவரவில்லை.